கொதித்து வந்த தண்ணீரா, தள்ளி வந்த தண்ணீரா: ஒரு டர்ட் பைக் நிகழ்வு ஆய்வு

வண்டியை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார் அந்தத் தம்பி. வலப்பக்க ரேடியேட்டரின் ஓரமெல்லாம் பச்சைக் கறை. ஃபிரேமின் கீழ்க்குழாயில் கூலன்ட் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடு. கிட்டப் போனாலே அந்தத் தித்திப்பு வாடை அடித்தது.

“அண்ணே, மூணு நிமிஷம் முறுக்கினாப் போதும், கொதிச்சு ஊத்துது. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். இன்னும் என்னத்த மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க.”

மாற்றியவற்றை அவர் வரிசையாகச் சொன்னார். கூலன்ட் இரண்டு தடவை மாற்றியாயிற்று. ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் 1.1 பாரிலிருந்து 1.8 பாருக்குப் போயாயிற்று. ஸ்பார்க் பிளக் புதிது. அதற்கும் முன்னால் ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கெட்டையே, அதாவது சிலிண்டருக்கும் அதன் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகட்டையே, மாற்றிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரே கலக்காத கூலன்ட்டை ஊற்றச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொல்லியிருக்கிறார். அதை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்துவிட்டார்.

இத்தனை மாற்றியும் யாருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. வெப்பநிலையையும் அளக்கவில்லை, வெளியே வந்த கூலன்ட்டையும் அளக்கவில்லை. நீராவி தெரிந்தது, கூலன்ட் ஊற்றியது, அதனால் என்ஜின் சூடேறுகிறது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவு பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் போனதால்தான் முதல் ரிப்பேர் தோற்றது.

வண்டி

250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். மோட்டோகிராஸ் ஓட்டத்துக்கென்று கட்டிய வண்டி என்பதால் விசிறி கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது, கூலன்ட் சேரும் ரிசர்வ் டேங்கும் கிடையாது. இரண்டு சின்ன ரேடியேட்டர்கள், ஒரு வாட்டர் பம்ப், மூடிக்குப் பக்கத்திலிருந்து கீழே தொங்கும் ஓவர்ஃப்ளோ டியூப், அவ்வளவுதான். ஹெட்டிலிருந்து வரும் சூடான கூலன்ட் ஒரு ‘ஒய்’ குழாயில் இரண்டாகப் பிரிந்து இடது, வலது ரேடியேட்டர்களுக்குப் போகும். கீழே மறுபடி ஒன்றுசேர்ந்து பம்ப்புக்கு வரும். மூடி இருப்பது வலது ரேடியேட்டரில்.

மொத்தக் கூலன்ட் ஒரு லிட்டர்தான். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு லிட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கார்போல ஐந்தாறு லிட்டர் இருந்தால் கால் லிட்டர் குறைந்தாலும் சமாளித்துவிடும். இங்கே கால் லிட்டர் போனால் ரேடியேட்டரின் மேல்தொட்டி காலி. பம்ப் காற்றைக் கலந்து இறைக்கத் தொடங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் காற்று அடிப்பது வண்டி ஓடும்போதுதான். ஸ்டாண்டு போட்டு ஐடிலிலேயே பத்து நிமிடம் விட்டால் நல்ல வண்டியும் கொதிக்கும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்விகள்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் அவரிடம் பேசினேன். இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்ட அரை மணி நேரம் அதுதான்.

எப்போது ஊற்றுகிறது என்று கேட்டேன். நீளமான நேர்ப்பாதையில் முழு த்ராட்டிலில் போகும்போது என்றார். மரங்களுக்கு நடுவே கிளட்சைப் பிடித்துப் பிடித்து மெதுவாகப் போகும்போது? “அப்ப அவ்வளவா இல்லண்ணே.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெப்பம் வெளியேறாததுதான் கோளாறு என்றால் கதை தலைகீழாக இருக்க வேண்டும். மெதுவாகப் போகையில் காற்று அடிக்காது. பம்ப்பும் என்ஜின் வேகத்தோடுதான் சுற்றும் என்பதால் கூலன்ட் ஓட்டமும் குறைவு. சூடேற வேண்டியது அங்கே. முழு வேகத்தில் காற்றும் உண்டு, பம்ப்பின் ஓட்டமும் உண்டு. அங்கேதான் ஊற்றுகிறது என்றால் அதைச் செய்வது வெப்பம் மட்டும்தானா என்று கேட்டாக வேண்டும். முழு த்ராட்டிலில் சிலிண்டருக்குள் 50 பாருக்கும் மேல் அழுத்தம் உண்டாகிறது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தாங்குவதோ 1.1 பார், மிஞ்சினால் 1.8 பார். இடையில் மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்துவிடும். புகுந்த வாயுவுக்கு இடம் வேண்டும், அதனால் கூலன்ட்டை வெளியே தள்ளும்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றார். முதன்முதலில் சூடானது சேற்றுப்பாதையில், மெதுவாகப் போகும்போதுதான். ஒரு நாள் மோசமாகக் கொதித்து, கூலன்ட் முக்கால்வாசி போய், அப்படியே ஓட்டி வீடு சேர்ந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஹெட் கேஸ்கெட் மாற்றியது. கேஸ்கெட் மாற்றிய பிறகுதான் நேர்ப்பாதையில் ஊற்றும் பழக்கம் வந்தது.

ஆக, அவர் ஒரே நோயாகச் சொன்னதில் இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. அப்போது அதைத் தாளில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

வண்டி கீழே விழுந்திருக்கிறதா என்றும் கேட்டேன். டர்ட் பைக் என்றால் விழாமல் இருக்குமா? தன் கையில் பெரிய விபத்து எதுவும் இல்லை, தனக்கு முன்னால் வைத்திருந்தவரைப் பற்றித் தெரியாது என்றார். அதையும் குறித்தேன்.

மேலோட்டமான சோதனைகள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தாண்டிப் போகவும் முடியாது. ரேடியேட்டரின் ஃபின்கள் நேராக, சேறில்லாமல் இருந்தன. என்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இல்லை, தெளிவாக இருந்தது. பம்ப்புக்குக் கீழே உள்ள சொட்டுத் துளை காய்ந்திருந்தது, அதாவது பம்ப் சீல் நன்றாக இருக்கிறது. பின்சக்கரம் விரலால் சுற்றினாலே சுற்றியது, பிரேக் பிடித்துக்கொண்டு இல்லை. கிளட்ச் வழுக்கவில்லை. ஆயில் மட்டம் சரி. இன்டேக் ரப்பர் பூட்டில் வெடிப்பு இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளுத்துப் போகாமல் இளம்பழுப்பு நிறம், எனவே கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, எரிகிறது என்று சொல்ல முடியாது. வால்வு கிளியரன்ஸ் நான்கும் மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருந்தன.

பம்ப் கவரைத் திறந்து, கூலன்ட்டை இறைக்கும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். ஷாஃப்ட்டில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. இதழ்களின் வேரில் மட்டும் செம்பு நிறத்தில் மின்னும் ஒரு பசை ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தேன், களிம்புபோல வந்தது. பழைய கூலன்ட்டின் கசடு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அந்தப் பசையை அப்போதே விசாரித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அளவுகள்

1.8 பார் மூடியை எடுத்துவிட்டு, சோதித்துப் பார்த்த 1.1 பார் மூடியைப் போட்டேன். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், அதில் சந்தேகமில்லை. வெறும் தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், 1.1 பார் மூடிக்குக் கீழே 121 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் என்றால் அதே மூடிக்குக் கீழே 130-ஐ நெருங்கும். கோளாறு இல்லாத வண்டிக்கு அதுவே தாராளம். கோளாறுள்ள வண்டிக்கு 1.8 பார் மூடி போட்டால் நோய்க்குறிதான் தள்ளிப்போகும், ஹோஸுக்கும் பம்ப் சீலுக்கும் கூடுதல் சுமையும் ஏறும். தண்ணீரில்லாத கூலன்ட்டும் அப்படித்தான். 180 டிகிரி வரைக்கும் கொதிக்காது, அதனால் நீராவி வராது. நீராவி வராததால் ஹெட் குளிர்ந்திருக்கிறது என்று ஆகிவிடாது. வெப்பத்தைத் தாங்கிச் செல்லும் திறனில் தண்ணீருக்கு ஈடான கூலன்ட் எதுவும் இல்லை.

மூன்று இடங்களில் வெப்பநிலை எடுக்க ஏற்பாடு செய்தேன். ஹெட்டிலிருந்து வெளியேறும் மேல்ஹோஸின் நடுவே ஒரு சென்சாரைப் பொருத்தி, உச்ச அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஸ்பிளேயை ஹேண்டில் பாரில் கட்டினேன். இரண்டு ரேடியேட்டர்களின் கீழ்வாய்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் அளப்பவர்கள் இந்த டேப்பை மறக்கக் கூடாது. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராக நீட்டினால் அது காட்டும் எண் உண்மையைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக அதிகம் விடாது, சுற்றியுள்ளவற்றின் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். அதே குழாயில் டேப்பின் மேல் ஒரு தடவை, டேப் இல்லாத இடத்தில் ஒரு தடவை என்று அளந்து பாருங்கள், வித்தியாசம் திகைக்க வைக்கும்.

நான்காவது கருவி ஒரு காலி பாட்டில். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பாட்டிலை ஓவர்ஃப்ளோ டியூபின் நுனியில் செருகி ஃபிரேமில் கட்டினேன். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதால் பாட்டிலின் கழுத்தில் சின்ன ஓட்டை. எவ்வளவு வெளியேறியது என்பதைவிட எந்த வெப்பநிலையில் வெளியேறியது என்பதே எனக்கு முக்கியம்.

வண்டி முழுக்க ஆறிய நிலையில் தொடங்கினோம். திறந்த மைதானத்தில் ஒரு சுற்று, ஏறத்தாழ நான்கு நிமிடம். தம்பி திரும்பி வந்தார். மேல்ஹோஸின் உச்சம் 83 டிகிரி. பாட்டிலில் 110 மில்லி.

அந்த இரண்டு எண்களைப் பார்த்தவுடன் பாதி வழக்கு முடிந்துவிட்டது. 83 டிகிரியில் எந்தக் கூலன்ட்டும் கொதிக்காது. சூடானால் கூலன்ட் விரியும், வாஸ்தவம். ஆனால் ஒரு லிட்டர் விரிந்தால் 30, 40 மில்லிதான் கூடும். மீதி எழுபது மில்லியை வெளியே தள்ளியது வேறு ஏதோ ஒன்று.

இரண்டாவது சுற்றில் உச்சம் 97, பாட்டிலில் மேலும் 90 மில்லி. மூன்றாவது சுற்றில் 116, புசுபுசுவென்று நீராவி. அத்தோடு நிறுத்தினோம். முதலில் தள்ளியது, தள்ளியதால் குறைந்தது, குறைந்ததால் சூடானது. தம்பியின் கண்ணில் பட்டது கடைசிக் காட்சி மட்டும்தான்.

அந்த ஓட்டத்தின் முடிவில் ரேடியேட்டர்களின் கீழ்வாய்களையும் அளந்தேன். இடது 91, வலது 48. வலது பக்கம் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. வெளியேறாத வாயு மூடி இருக்கும் வலது ரேடியேட்டரின் மேல்தொட்டியில் தேங்கி ஓட்டத்தை மறித்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நம்பத்தக்க விளக்கம்தான், ஆனால் தவறு என்று பிறகு தெரிந்தது.

குமிழி

வண்டியை இரவு முழுக்க அப்படியே விட்டுவைத்தேன். காலையில் என்ஜின் கல்போலக் குளிர்ந்திருந்தது. மேல்ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. ஆறிய என்ஜினில் கூலன்ட் சுருங்கியிருக்கும், ஹோஸ் தொளதொளவென்று இருக்க வேண்டும். மூடியைத் திருகினேன், “புஸ்” என்று காற்று வெளியேறியது. நீராவியாக இருந்திருந்தால் ஆறியதும் தண்ணீராகியிருக்கும். ராத்திரி முழுக்க அழுத்தத்தைப் பிடித்துவைத்திருந்தது ஆறினாலும் தண்ணீராகாத வாயு.

கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் நீலத் திரவத்தாலும் சோதித்தேன். ரேடியேட்டர் வாயிலிருந்து உறிஞ்சிய காற்றை அதற்குள் விட்டால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். கூலன்ட்டையே உறிஞ்சிவிடக் கூடாது, மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். முறுக்கி முறுக்கிப் பிடித்த பிறகு நீலம் பச்சையாகி, மெல்ல மஞ்சளுக்கு வந்தது.

அடுத்தது லீக்-டவுன் டெஸ்ட், சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 7 பார் காற்றைக் கொடுக்க வேண்டும். அந்தக் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளிவிடும் என்பதால் கிராங்க்கைப் பூட்டிவைப்பது அவசியம். கேஜ் 8 சதவீத இழப்பைக் காட்டியது. இத்தனை மணி நேரம் ஓடிய என்ஜினுக்கு அது நல்ல எண். சைலன்சரில் காதை வைத்தேன், சத்தமில்லை. இன்டேக்கில் சத்தமில்லை. கிராங்க்கேஸ் பிரீதரில் மெல்லிய இரைச்சல், ரிங் வழியாக எப்போதும் கசிவதுதான்.

கேஜை மட்டும் நம்பியிருந்தால் என்ஜின் நலம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். ரேடியேட்டரின் கழுத்து விளிம்புவரை கூலன்ட்டை நிரப்பி, டார்ச் லைட்டைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, முழங்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடம் ஒன்றுமில்லை. பச்சைப் பரப்பு கண்ணாடிபோல அசையாமல் இருந்தது. பிறகு கழுத்தின் உள்ளோரத்தில் கடுகளவுக்கு ஒரு குமிழி எழும்பி, விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்று உடைந்தது. ஏழெட்டு வினாடி கழித்து இன்னொன்று. காற்றை நிறுத்தினேன், குமிழியும் நின்றது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது.

கேஜின் முள்ளை அசைக்கவும் போதாத கசிவு. 7 பார் அழுத்தத்தில் ஏழு வினாடிக்கு ஒரு குமிழி என்றால், சூடான ஹெட்டில், 50 பாருக்கு மேல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை எரியும்போது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். இந்தச் சோதனை செய்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: ஐந்து நிமிடமாவது பொறுமையாகப் பாருங்கள். பத்து வினாடி பார்த்துவிட்டுக் குமிழி இல்லை என்று எழுந்துவிடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றியபோது

போல்ட்டுகளை, என்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது, இறுக்கும் வரிசைக்கு எதிர் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தேன். கேஸ்கெட் புதிதுதான், பல தகடுகள் சேர்ந்த ஸ்டீல் கேஸ்கெட். எக்ஸாஸ்ட் பக்கத்து ஓரத்தில், சிலிண்டர் வாயைச் சுற்றிய வளையத்தைக் கடந்து தண்ணீர்ப் பாதை வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு போயிருந்தது, பென்சிலால் இழுத்ததுபோல. மற்ற இடங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. குமிழி வந்த பாதை அதுதான்.

இந்த இடத்தில் புதுக் கேஸ்கெட்டை வைத்து மூடிவிடக் கை துறுதுறுக்கும். முன்பு பார்த்த மெக்கானிக் செய்தது அதுதான். கேஸ்கெட் தானாகக் கெடுவதில்லை, அதைக் கெடுத்தது எது என்று பார்க்க வேண்டும். ஹெட்டின் முகத்தைத் துடைத்து, நேர்விளிம்பு ஸ்டீல் பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை, அதாவது தடிமன் தெரிந்த மெல்லிய தகடுகளை, செருகிப் பார்த்தேன். நீளவாக்கில் பார்த்தேன், குறுக்குவாக்கில் பார்த்தேன், இரண்டு மூலைவிட்டங்களிலும் பார்த்தேன். ஒரு மூலைவிட்டத்தில், எக்ஸாஸ்ட் பக்கம், 0.09 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. இந்த என்ஜினுக்கு மேனுவல் அனுமதிப்பது 0.05. சிலிண்டரின் முகத்தையும் அதேபோலப் பார்த்தேன், அது நேராக இருந்தது.

ஹெட் கோணியது அந்தச் சேற்றுப்பாதை நாளில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கூலன்ட் இல்லாமல் ஹெட் கொதிக்கும்போது அலுமினியம் வீங்கப் பார்க்கும், ஸ்டீல் போல்ட்டுகள் விடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் நசுங்குவது கேஸ்கெட், கோணுவது எக்ஸாஸ்ட் பக்கம். ஆறிய பிறகு பிடிமானம் பழையபடி இருக்காது. கோணிய முகத்தின் மேல் எவ்வளவு நல்ல கேஸ்கெட் வைத்தாலும் சில மணி நேரம்தான் தாங்கும்.

துல்லியமாகச் சமப்படுத்திய பலகையான சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் நனைத்த 400 எண் உப்புத்தாளை விரித்து, ஹெட்டை எட்டுப் போடுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். ஒரே திசையில் தேய்த்தால் ஒரு பக்கம் அதிகம் தேய்ந்துவிடும், அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஹெட்டைக் கால்வட்டம் திருப்பிவைக்க வேண்டும். முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டேன். மை எல்லா இடத்திலும் ஒரே சீராக மறைந்தால் முகம் சமமாகிவிட்டது என்று தெரியும். எக்ஸாஸ்ட் ஓரத்து மை கடைசிவரை அடம்பிடித்தது. அது மறைந்த பிறகு 600 எண் தாளில் முடித்தேன். மறுபடி அளந்தபோது எங்கும் 0.02-க்கு மேல் நுழையவில்லை. எடுத்த உலோகம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இருந்தாலும் பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் சுற்றி, வால்வுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கேம் ஷாஃப்ட் தன் இருக்கையில் பிடிக்காமல் சுற்றுகிறதா என்றும் பார்த்தேன். ஹெட் கோணினால் அந்த இருக்கைகளும் கோண வாய்ப்புண்டு. நல்லவேளை, கோணவில்லை.

போல்ட் துளைகளுக்குள் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய துளையில் திரவம் இருந்தால் போல்ட் அதை அமுக்கும், டார்க் ரெஞ்ச் போதும் என்று கிளிக் செய்யும், ஹெட் மட்டும் சரியாக அமுங்கியிருக்காது. துளைகளைக் காற்றடித்து உலர்த்தினேன். போல்ட்டின் மரையிலும் வாஷரிலும் மேனுவல் சொன்னபடி லேசாக ஆயில் தடவி, சொன்ன வரிசையில், சொன்ன படிகளில் இறுக்கினேன்.

வேலை முடியவில்லை

கூலன்ட் நிரப்பி, மூடி இல்லாத இடது ரேடியேட்டரின் உச்சியிலிருக்கும் பிளீட் போல்ட்டைத் தளர்த்திக் காற்றை எடுத்து, வண்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து, மறுபடி நிரப்பினேன். அதே மைதானம், அதே சுற்று. மூன்று சுற்றுக்குப் பிறகு பாட்டிலில் 20 மில்லிதான், அது விரிவு. ஹோஸ் மறுநாள் காலையில் மெத்தென்று இருந்தது. தம்பி முகத்தில் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கீழ்வாய்கள் இடது 86, வலது 45 என்று காட்டின. மேல்ஹோஸ் 98. காற்றை முழுக்க எடுத்த பிறகும், வாயுக் கசிவு நின்ற பிறகும், வலது ரேடியேட்டர் சும்மாவே இருந்தது. அப்படியானால் வாயு மறித்தது என்ற என் விளக்கம் செல்லாது. சேற்றுப்பாதையில் முதன்முதலில் சூடானது ஏன் என்ற கேள்விக்கும் இன்னும் பதிலில்லை. ஹெட் கோணியதற்குக் காரணம் சூடு, அந்தச் சூட்டுக்குக் காரணம்?

அப்போதுதான் இம்பெல்லரில் இருந்த செம்பு நிறப் பசை நினைவுக்கு வந்தது.

இரண்டு ரேடியேட்டர்களையும் கழற்றினேன். ஒவ்வொன்றின் கீழ்வாயையும் கையால் அடைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கையை எடுத்து நேரம் பார்த்தேன். இடது 6 வினாடியில் காலியானது. வலது 21 வினாடி எடுத்தது, அதுவும் கடைசியில் நூலாக ஒழுகி. வலது ரேடியேட்டரைக் கவிழ்த்துத் தட்டியபோது அதே மின்னும் கசடு கொட்டியது. பின்புறம், தொட்டியும் குழாய்களும் சேரும் மூலையில், பெயின்ட்டுக்குக் கீழே ஒரு பழைய நசுங்கல், அதன் நடுவே ஊசிமுனை அளவு அடைபட்ட துளை. யாரோ எப்போதோ வலது பக்கம் விழுந்திருக்கிறார்கள், துளை விழுந்திருக்கிறது, கசிவை நிறுத்தும் பவுடரைக் கொட்டியிருக்கிறார்கள். பவுடர் துளையை அடைத்தது. துளையோடு நிற்கவில்லை, மெல்லிய குழாய்களையும் அடைத்தது. அதற்குத் துளை எது, பாதை எது என்று தெரியாது.

ரேடியேட்டர் எப்படியும் தேறாது என்பதால் அறுத்துப் பார்த்தேன். தட்டையான குழாய்களில் பாதிக்கு மேல் வாயில் பழுப்புக் களிம்பு இறுகி நின்றது. வெளியே ஃபின்கள் புதிதுபோலச் சுத்தம். வெளியிலிருந்து பார்த்த யாருக்கும், எனக்கும்கூட, தெரிந்திருக்க வழியில்லை. தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓடி வந்த வண்டியில் இரண்டு ரேடியேட்டர்களின் கீழ்க்குழாய்களை, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டால் ஐந்து வினாடியில் தெரிந்துவிடும் விஷயம். இதுபோல இரண்டு ரேடியேட்டருக்கும் கூலன்ட் தனித்தனியாகப் பிரிந்து போகும் வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடராகப் போகும் அமைப்பில் இரண்டாவது ரேடியேட்டர் கொஞ்சம் குளிர்ந்திருப்பது இயல்பு.

புது வலது ரேடியேட்டர் போட்டேன். இடது ரேடியேட்டரையும் ஹெட்டையும் சிலிண்டரையும், வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை இரு திசையிலும் அலசினேன். ஹோஸ்களின் உள்ளேயும் அந்தப் பசை ஒட்டியிருந்ததால் எல்லாவற்றையும் மாற்றினேன். கூலன்ட் சிலிக்கேட் இல்லாத, அலுமினியத்துக்கு ஏற்ற வகை, டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி. குழாய்த் தண்ணீரின் உப்பு இந்த மெல்லிய குழாய்களுக்குள் படியும் என்பதால் அதை நான் ஊற்றுவதில்லை. மூடி 1.1 பார்தான்.

கடைசி ஓட்டத்தை வேண்டுமென்றே கடுமையாக வைத்தேன். ஆழமான மணலில் இருபது நிமிடம், பாதி நேரம் முழு த்ராட்டில், பாதி நேரம் கிளட்சைப் பிடித்து ஊர்ந்து. மேல்ஹோஸ் உச்சம் 87. கீழ்வாய்கள் இடது 73, வலது 71. பாட்டிலில் 15 மில்லி. ஆயில் தெளிவு.

பத்து மணி நேரம் ஓடிய பிறகு வண்டியை மறுபடி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். லீக்-டவுன் காற்றைக் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு ஏழு நிமிடம் கழுத்தையே பார்த்தேன். தம்பியும் பக்கத்தில் முழங்காலிட்டுப் பார்த்தார். பச்சைப் பரப்பு அசையவே இல்லை. அந்தப் பாட்டிலை அவர் கழற்றவில்லை. இன்னும் ஃபிரேமிலேயே கட்டி வைத்திருக்கிறார், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மட்டத்தைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறார்.